தட்டுக்கு வந்த மஞ்சள் தொண்டை: பறவைகள் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வீட்டில் பறவைகளுக்காக வைத்த தீனித்தட்டிலோ தண்ணீர்ச் சட்டியிலோ பழக்கமில்லாத ஒரு பறவை வந்து அமர்ந்ததைப் பற்றியவை. அவற்றுள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவற்றை மட்டும் இந்தப் பகுதிக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கேள்விக்கான பதில் சற்று நீளமானது. அந்தப் பறவை அதற்குத் தகுதியானதுதான்.

கேள்வி: கிருஷ்ணகிரி நகரத்துக்கு வெளியே, பாறைக் குன்று ஒன்றின் அடிவாரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. கொய்யா மரக்கிளையில் பழைய மூங்கில் தட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் கனிந்த வாழைப்பழமும் பப்பாளித் துண்டுகளும் வைக்கிறோம். கீழே மண்சட்டியில் தண்ணீர் இருக்கும். வழக்கமாகக் கொண்டைக்குருவிகளும் தவிட்டுக்குருவிகளும் அணில்களும் வரும். சித்திரை மாதத்தில் சில நாள்கள் காலை நேரத்தில், கொண்டைக்குருவியின் அளவே உள்ள, ஆனால் கொண்டை இல்லாத ஒரு பறவை வந்தது. தலையும் தொண்டையும் நல்ல மஞ்சள்; மார்பு சாம்பல் நிறம்; வாலுக்கு அடியிலும் மஞ்சள். கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு எதுவும் இல்லை. என் மகள் கைப்பேசியில் எடுத்த படம் தெளிவாக இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதை மாங்குயில் என்கிறார். கைப்பேசிச் செயலியோ, கொண்டைக்குருவிக்கு உறவான மஞ்சள் தொண்டைச் சின்னான் என்கிறது. அது உண்மையிலேயே அரிய பறவையா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
(வாசகி ஒருவர், கிருஷ்ணகிரி)

பதில்: அரிய பறவை ஒன்றின் பெயர் மனத்தில் பதிந்துவிட்டால், அதன்பின் கண் அந்தப் பெயருக்குரிய அடையாளங்களை மட்டுமே தேடிக் கண்டுபிடிக்கும். ஆகவே அந்தப் பெயரைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் தோட்டத்துக்கு வரக்கூடிய சாதாரண மஞ்சள் பறவைகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பதே சரியான வழி.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லும் மாங்குயில் மைனாவின் அளவுள்ளது. ஆண் பறவை உடல் முழுவதும் பொன்மஞ்சளாகவும், இறக்கைகள் கருப்பாகவும், அலகு சிவந்தும் இருக்கும். பெண் பறவை பசுமஞ்சளாக, வயிற்றில் மெல்லிய கோடுகளுடன் இருக்கும். மாம்பூப் பருவம் முடிந்து காய் திரளும் நாள்களில் கிருஷ்ணகிரித் தோப்புகளில் அதைப் பார்ப்பது எளிது என்பதால், மஞ்சளாக எது தெரிந்தாலும் அதன் பெயரே முதலில் நாவில் வருவது இயற்கை. ஆனால் சாம்பல் நிற மார்பு மாங்குயிலுக்குக் கிடையாது. மாம்பழச்சிட்டு மிகச் சிறியது. இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் இருக்கும். இலைகளுக்கிடையே புழு தேடுவதை விட்டுவிட்டுப் பழத்தட்டுக்கு வருவது அதன் வழக்கமன்று. வெள்ளைக்கண்ணி பழம் தின்ன வரும் என்றாலும், அதன் கண்ணைச் சுற்றியுள்ள வெள்ளை வளையத்தை உங்கள் மகள் தவறவிட்டிருக்க முடியாது. அதுவும் மிகச் சிறிய பறவைதான். இனப்பெருக்கக் காலத்து ஆண் தூக்கணாங்குருவியின் உச்சந்தலை பளிச்சென்ற மஞ்சளாக மாறும். ஆனால் அதன் முகம் கருமையானது, அலகு தானியம் உடைக்கும் தடித்த அலகு. பச்சைச்சிட்டின் உடல் முழுவதும் இளம்புல்லின் பச்சை. இவை ஐந்தும் நீங்கள் எழுதிய விவரங்களோடு பொருந்தவில்லை.

உண்மையான சிக்கல் வெண்புருவச் சின்னானிடம்தான் இருக்கிறது. நம் இரு மாவட்டங்களின் புதர்க்காடுகளிலும் வேலியோரங்களிலும் எங்கும் இருக்கும் பறவை அது. எனினும் கூச்ச குணம் உடையது என்பதால், புதருக்குள்ளிருந்து திடீரெனக் கலகலவென்று எழும் அதன் குரலைக் கேட்டவர்கள் பலர், அதை நன்றாகப் பார்த்தவர்கள் சிலரே. அதற்கும் கொண்டை கிடையாது, அளவும் அதுவே, வாலடியும் மஞ்சள், தொண்டையிலும் இலேசான மஞ்சள் சாயல் உண்டு. கோடையில் தண்ணீர்ச் சட்டிக்கு வரும்போது, முதன்முறையாக அதை அருகில் பார்ப்பவர் ஏதோ புதிய பறவை வந்துவிட்டதாக நினைப்பது அடிக்கடி நடக்கிறது. மஞ்சள் தொண்டைச் சின்னானைப் பார்த்ததாக எனக்கு வரும் கடிதங்களில் பலவும், விவரங்களை விசாரித்தபின் வெண்புருவச் சின்னானாகவே முடிந்திருக்கின்றன.

இவ்விரண்டையும் பிரித்தறிய முகத்தைப் பார்க்க வேண்டும். வெண்புருவச் சின்னானுக்குக் கண்ணுக்கு மேல் தெளிவான வெள்ளைப் புருவமும், கண்ணுக்குக் கீழே சிறிய வெள்ளைப் பிறையும், கன்னத்தின் ஓரத்தில் மங்கிய கரிய கோடும் உண்டு. அதன் தொண்டையின் வெளிர் மஞ்சள் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி மார்போடு கலந்துவிடும். மஞ்சள் தொண்டைச் சின்னானின் முகத்தில் இத்தகைய கோடுகள் எதுவும் இல்லை. தலை முழுவதும் பசுமை கலந்த மஞ்சள், தொண்டை அதைவிடத் தெளிவான மஞ்சள், அதற்குக் கீழே மார்பு சாம்பல் என்று நிறங்கள் பிரிந்து தெரியும். பறந்து எழும்போது வாலின் நுனி வெளிறித் தெரிவதும் ஓர் அடையாளம். அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, அடுத்த முறை கவனியுங்கள்.

இன்னும் ஒரு குழப்பத்தையும் விலக்க வேண்டும். பூக்களுக்குள் அலகை நுழைத்துத் தேன் குடிக்கும் பறவைகளின் நெற்றியிலும் தொண்டையிலும் மகரந்தம் அடர்ந்து படிந்து, சாதாரணக் கொண்டைக்குருவிகூட மஞ்சள் முகத்தோடு காட்சி தரும். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அந்த மஞ்சள் மேலும் கூடித் தோன்றும். ஆனால் மகரந்தம் வாலடியில் படியாது. பல நாள்களிலும் ஒரே அளவில் ஒரே எல்லையோடு இருப்பதும் இல்லை. நீங்கள் பார்த்த பறவையின் நிறம் சில நாள்கள் மாறாமல் இருந்தது என்பதால் இந்த ஐயமும் நீங்குகிறது.

எனவே, புருவக் கோடு இல்லை என்பதை நீங்கள் உறுதியாகப் பார்த்திருக்கும் நிலையில், அது பெரும்பாலும் மஞ்சள் தொண்டைச் சின்னான்தான் என்பது என் கருத்து. இதில் நிறத்தைவிடவும் எனக்கு வலுவான சான்றாகத் தோன்றுவது உங்கள் வீடு இருக்கும் இடம். இந்தப் பறவை தென்னிந்தியத் தீபகற்பத்துக்கே உரியது; உலகில் வேறெங்கும் இல்லை. அதிலும் எல்லாக் காடுகளிலும் அது வாழ்வதில்லை. பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் வறண்ட குன்றுகளும், பாறை இடுக்குகளில் வளரும் முட்புதர்களும், அத்தி இனத்துச் சிறு மரங்களுமே அதற்கு வேண்டும். ஆந்திரத்தின் ஹார்ஸ்லி மலை, கர்நாடகத்தின் நந்தி மலை, தமிழ்நாட்டில் செஞ்சிக் குன்றுகள், சேர்வராயன் மலை என்று அது பதிவாகியுள்ள இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், அவற்றுக்கு நடுவே கிருஷ்ணகிரி அமைந்திருப்பது தெரியும். உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏரிப்பாசன வயல் மட்டுமே இருந்திருந்தால், இதே விவரங்களோடு வந்த கடிதத்தை நான் இன்னும் பலமடங்கு ஐயத்தோடு படித்திருப்பேன்.

அது அரிய பறவையா என்று கேட்டிருக்கிறீர்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவாய்ப்பு இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. ஆனால் வெகுதொலைவிலிருந்து வழிதவறி வந்த பறவை என்ற பொருளில் அதை அரியது என்று சொல்லக் கூடாது. அது வலசை வரும் பறவையன்று. உங்கள் தட்டில் பழம் தின்ற அந்தப் பறவை பெரும்பாலும் உங்கள் குன்றிலேயே பிறந்து வளர்ந்ததாக இருக்கும். குன்றின் மேலுள்ள சுனைகள் வற்றி, புதர்களில் பழம் குறைந்துபோகும் சித்திரை வைகாசியில், அடிவாரத்தில் தண்ணீரும் பப்பாளியும் இருப்பதைக் கண்டு இறங்கி வருவதில் வியப்பில்லை. நீங்கள் குன்றின்மேல் ஏறிப் பார்க்காததால் அது உங்களுக்குப் புதிது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பகுதியிலுள்ள மேலகிரி மலைகளின் ஒரு பெரும்பகுதி 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள் வந்துவிட்டது. 2022இல் அதனையடுத்துக் காவிரி தெற்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. காப்புக்காட்டு எல்லைகளுக்கு வெளியே, ஊருக்கு ஊர் தனித்து நிற்கும் பாறைக்குன்றுகளுக்கு அத்தகைய காவல் இல்லை. கருங்கல்லுக்குப் பெயர்பெற்ற மாவட்டத்தில் அதன் பொருள் என்ன என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாறை உடைத்தல், கோடையில் புதர்களுக்குத் தீ வைத்தல், விறகு வெட்டுதல் ஆகிய மூன்றும் இந்தப் பறவையின் வாழிடத்தைக் குறைத்து வருகின்றன. ஆகவே, இன்ன குன்றில் இந்தப் பறவை இருக்கிறது என்ற தெளிவான பதிவு ஒன்று, வெறும் பறவை ஆர்வத்தைத் தாண்டிய பயன் உடையது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பறவை வந்த தேதிகள், நேரம், எவ்வளவு நேரம் இருந்தது, என்ன தின்றது, தனியாகவா இணையாகவா என்பனவற்றை நினைவு மங்குவதற்குள் எழுதி வையுங்கள். பார்த்த அடையாளங்களைப் படத்தைப் பார்த்தோ புத்தகத்தைப் பார்த்தோ எழுதாமல், உங்கள் கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள். பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே குறியுங்கள். தெளிவற்ற படமாக இருந்தாலும் அழித்துவிடாதீர்கள். புருவம் இல்லை என்பதும் மார்பின் நிறமும் மங்கிய படத்திலும் தெரியக்கூடும். பின்னர் இப்பதிவை, அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இ-பேர்டு தளத்தில் சேர்க்கலாம். அங்கே அரிய பறவையைப் பதிவு செய்தால், அந்தந்தப் பகுதியின் பறவைகளை நன்கறிந்த தன்னார்வலர் ஒருவர் அதைச் சரிபார்ப்பார். கூடுதல் விவரம் கேட்டு எழுதினால் அதை அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எல்லோரிடமும் அவ்வாறுதான் கேட்பார்கள்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கச் செய்து பறவையை வரவழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் போட்டிப் பறவை நுழைந்துவிட்டதாக எண்ணி, தின்பதையும் கூட்டையும் விட்டுவிட்டு அது அலைக்கழியும். வீட்டின் இருப்பிடத்தோடு வாட்ஸ்அப் குழுக்களில் படத்தைப் பரப்புவதையும் தவிர்ப்பது நல்லது. பறவை பிடிப்பவர்கள் ஒருபுறம் இருக்கட்டும். நல்லெண்ணத்தோடு கேமரா தூக்கி வரும் கூட்டமே உங்கள் கொய்யா மரத்தடியை அதற்கு ஆகாத இடமாக்கிவிடும்.

கேள்வி: கைப்பேசிச் செயலி ஒரு பறவையின் பெயரைச் சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா? என் நண்பர்கள் செயலி சொன்னதைக் கொண்டே பட்டியல் தயாரிக்கிறார்கள்.
(கல்லூரி மாணவர், தருமபுரி)

பதில்: ஏற்றுக்கொள்ளக் கூடாது, ஒதுக்கித் தள்ளவும் வேண்டாம். மெர்லின் போன்ற செயலிகள் படத்தையோ ஒலியையோ, நீங்கள் இருக்கும் இடத்தையும் மாதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, பொருந்தக்கூடிய பெயர்களைப் பரிந்துரைக்கின்றன. தெளிவான படத்தில் அவை வியக்கத்தக்க அளவுக்குச் சரியாகவே சொல்கின்றன. ஆனால் மங்கிய படத்திலும் அதே உறுதியோடு ஒரு பெயரைச் சொல்லும் என்பதுதான் இடர். ஒலியில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலை அச்சாகப் பின்பற்றக் கூடியது என்பதை நினைவில் வையுங்கள். செயலி சொன்ன பெயரை எடுத்துக்கொண்டு, அந்தப் பறவைக்கும் அதற்கு நெருங்கிய தோற்றமுடைய சாதாரணப் பறவைக்கும் உள்ள வேறுபாடு எது என்று கேளுங்கள். அந்த வேறுபாட்டை உங்கள் கண்ணால் பார்த்திருந்தால் மட்டும் பட்டியலில் சேருங்கள். பார்க்கவில்லை என்றால் 'சின்னான் இனம்' என்று எழுதி நிறுத்திக்கொள்வதில் குறைவேதும் இல்லை. பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும், பிப்ரவரியில் நான்கு நாள்கள் நடக்கும் உலகளாவிய வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்பிலும் உங்கள் நண்பர்களோடு கலந்துகொள்ளுங்கள். கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று கண்ட பறவைகளை எண்ணிப் பதிவு செய்தாலே போதும். காகத்தையும் மைனாவையும் எண்ணி எண்ணிப் பழகிய கண்ணுக்குத்தான் வேறொன்று வரும்போது உடனே உறைக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் சோளமும் கம்பும் தூவி வைக்கிறேன். ஐப்பசியில் மைனா போன்ற ஒரு பறவை வந்தது. தலை கருப்பு, உடல் இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு. சோளப்பட்சி என்று சொன்னார்கள். ஆனால் அது கூட்டமாக அல்லவா வரும்?
(வாசகர் ஒருவர், அரூர்)

பதில்: உங்கள் ஐயம் சரியானது. தனியாகவோ இணையாகவோ மாடிக்கு வருவது பெரும்பாலும் கருந்தலை மைனாவாக இருக்கும். அது ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும் பறவை. அதில் கருமை உச்சந்தலையோடும் பிடரியில் தொங்கும் மெல்லிய இறகுகளோடும் நின்றுவிடும். கன்னமும் மார்பும் வயிறும் செம்பழுப்பாக இருக்கும். கண்ணுக்குப் பின்னால் நீலச்சாயல் தெரியும். சோளப்பட்சியிலோ தலை, கழுத்து, மேல்மார்பு முழுவதும் கருப்பு; இறக்கையும் வாலும் கருப்பு; முதுகும் வயிறும் மட்டும் ரோஜா நிறம். இளம் பறவை மணல் நிறத்தில், மஞ்சள் அலகோடு இருக்கும். தென்கிழக்கு ஐரோப்பா முதல் மத்திய ஆசியா வரையிலான புல்வெளிகளில் வெட்டுக்கிளிகளைத் தின்று குஞ்சு பொரித்துவிட்டு, ஆடி ஆவணியிலேயே இந்தியாவுக்கு வரத் தொடங்கி, ஏப்ரல் வாக்கில் திரும்பிவிடும். வந்தால் பெரும்பாலும் சோளக்கொல்லையிலும் ஆலமரத்திலும் கூட்டம் கூட்டமாகத்தான் இருக்கும். கூட்டத்தைப் பிரிந்த ஒன்றிரண்டு மற்ற மைனாக்களோடு சேர்ந்து திரிவதும் உண்டு என்பதால், எண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்யாமல் கன்னத்தின் நிறத்தைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பென்னாகரம் அருகே எங்கள் தோட்டத்தில் உடல் முழுவதும் வெள்ளையான ஒரு குருவி கொண்டைக்குருவிகளோடு சேர்ந்து பழம் தின்ன வருகிறது. வாலடி மட்டும் சிவப்பாக இருக்கிறது. இது வேறு இனமா?
(வாசகர் ஒருவர், பென்னாகரம்)

பதில்: வேறு இனம் அன்று, அது செம்புழைக் கொண்டைக்குருவியேதான். இறகுகளுக்குக் கருமையும் பழுப்பும் தருவது மெலனின் என்னும் நிறமி. பிறவியிலேயே அது இறகுகளில் சேராமல் போனால் அந்த இடங்கள் வெளுத்துவிடும். வாலடியின் சிவப்பு வேறொரு நிறமியால் உண்டாவது என்பதால் அது மட்டும் அப்படியே நின்றிருக்கிறது. கண் கருமையாகவே இருந்தால் இது இறகு வெளுப்பு. கண்ணும் இளஞ்சிவப்பாக இருந்தால் மெலனின் உடலிலேயே இல்லாத நிலை. பின்னது மிகவும் அரியது. பார்வையும் குன்றியிருக்கும் என்பதால் அத்தகைய பறவைகள் நெடுநாள் பிழைப்பதில்லை. உங்கள் பறவையை மற்றவை சேர்த்துக்கொண்டிருக்கின்றன, பழமும் தின்கிறது என்பது நல்ல செய்தி. வல்லூறின் கண்ணுக்கு அது எளிதில் படும். தட்டைத் திறந்த வெளியில் வைக்காமல் இலையடர்ந்த கிளைக்கு அருகில் மாற்றுங்கள்.

கேள்வி: பாலக்கோட்டில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில், கார்த்திகை மாதத்து விடியற்காலையில், குட்டை வாலும் பச்சை முதுகும் தோளில் நீலமும் வயிற்றடியில் சிவப்புமாக ஒரு பறவை சோர்ந்து உட்கார்ந்திருந்தது. கையில் எடுத்தபோதும் பறக்கவில்லை. கம்பு போட்டோம், தின்னவில்லை. மாலையில் தானாகவே பறந்துவிட்டது. யாரோ வளர்த்த பறவையா?
(வாசகி ஒருவர், பாலக்கோடு)

பதில்: யாரும் வளர்த்ததன்று, அது ஆறுமணிக்குருவி. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். இரவில் பறந்து வரும் இப்பறவைகள் சில, களைப்பினாலோ மின்விளக்குகளால் திசை தடுமாறியோ, கண்ணாடியில் மோதியோ, ஐப்பசி கார்த்திகையில் வீடுகளுக்குள்ளும் பள்ளி வளாகங்களிலும் விழுந்து கிடப்பது தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடக்கிறது.

அது தானியம் தின்னாது; தரையில் சருகைப் புரட்டிப் புழுவும் பூச்சியும் தேடித் தின்பது. அடுத்த முறை இப்படி ஒரு பறவை கிடைத்தால், காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து அதனுள் விட்டு மூடி, நாயும் பூனையும் குழந்தைகளின் ஆரவாரமும் இல்லாத இடத்தில் சில மணி நேரம் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கி உயிரை வாங்கிவிடும். தெளிந்தபின், வெயில் தாழ்ந்த நேரத்தில் புதர் நிறைந்த இடத்தில் பெட்டியைத் திறந்துவைத்தால் போதும். இறக்கை தொங்கினாலோ இரத்தம் தெரிந்தாலோ வனத்துறையிடம் ஒப்படையுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்துக்கொள்வது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

உங்கள் தோட்டத்தின் ஒரு மூலையில் சருகைப் பெருக்கிக் கொளுத்தாமல் விட்டுவையுங்கள். தானியத்தட்டு அழைக்க முடியாத பறவைகளை அந்த மூலை அழைக்கும். செந்தலைப் பூங்குருவியும் அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் வரும்.

கேள்வி: ஓசூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் தினை வைக்கும் தட்டுக்கு, சிட்டுக்குருவிகளோடு சாம்பல் உடலும் கருந்தலையும் வெள்ளைக் கன்னமும் தடித்த சிவப்பு அலகும் கொண்ட ஒன்று வருகிறது. எந்தப் புத்தகத்திலும் தேடிக் கிடைக்கவில்லை.
(வாசகர் ஒருவர், ஓசூர்)

பதில்: நம்மூர்ப் பறவைகளின் பக்கங்களில் தேடினால் கிடைக்காது. அது ஜாவாக் குருவி. இந்தோனேசியாவின் ஜாவா, பாலித் தீவுகளுக்கு உரியது. கூண்டுப் பறவையாக விற்கப்படுவதால், யாருடைய வீட்டிலிருந்தோ தப்பி வந்திருக்கும். மனிதரைக் கண்டு அஞ்சாமை, தேய்ந்த வால் இறகு, காலில் வளையம் ஆகியவை இருந்தால் ஐயமே இல்லை. தன் சொந்தத் தீவில், கூண்டுக்காகப் பிடிக்கப்பட்டே அது அருகிப்போய் அழியும் நிலைக்கு வந்துவிட்டது என்பது வேறு கதை. சந்தையில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் சிறு கிளிகளும் இப்படித் தப்பி வருவதுண்டு. தானியம் தின்னும் சிறு குருவிகளான சில்லைகளைப் பிடித்துச் சாயம் பூசி விற்பவர்களும் இருக்கிறார்கள். எந்த இனத்திலும் சேராத பச்சையிலோ சிவப்பிலோ ஒரு சிறு குருவி தட்டுக்கு வந்தால், இறகின் அடிப்பகுதி வேறு நிறமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பதிவு செய்யும்போது 'கூண்டிலிருந்து தப்பியது' என்ற குறிப்போடு செய்யலாம்.

கேள்வி: எங்கள் தட்டுக்குக் காகமும் புறாவும் தவிர எதுவும் வருவதில்லை. மிச்சமான சோறும் மிக்சரும் வைக்கிறோம். அரிய பறவைகள் வர என்ன வைக்க வேண்டும்?
(வாசகி ஒருவர், காவேரிப்பட்டணம்)

பதில்: மிக்சரை முதலில் நிறுத்துங்கள், உப்பும் எண்ணெயும் பறவைக்கு ஆகாதவை. உப்பிடாத சோற்றைச் சிறிதளவு வைக்கலாம், ஆனால் வெயிலில் புளிக்கும் முன் எடுத்துவிட வேண்டும். கம்பு, தினை, சாமை ஆகியவற்றைச் சில்லைகளும் சிட்டுக்குருவிகளும் விரும்பும்; அறுவடைக் காலத்தில் கேழ்வரகுக் கதிர் சிலவற்றைக் கட்டித் தொங்கவிட்டால், தரையில் மேயும் புறாக்களால் அதை எளிதில் காலி செய்ய முடியாது. பழம் தின்னிகளுக்கு வாழைப்பழம், பப்பாளி, கொய்யா. உங்கள் பகுதியில் மாம்பழத்துக்குப் பஞ்சமில்லை. அடிபட்ட பழங்களை வெட்டி வையுங்கள், ஆனால் மருந்து அடித்துப் பழுக்கவைத்ததைத் தவிருங்கள்.

உணவைவிடத் தண்ணீரே அதிக வகைப் பறவைகளைக் கொண்டுவரும். பூச்சி தின்னிகள் தானியத்தைத் திரும்பியும் பாரா. ஆனால் குளிக்கவும் குடிக்கவும் அவையும் வர வேண்டும். இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் போகாத அகன்ற மண்தட்டில், நடுவே ஒரு கல்லைப் போட்டு, நாள்தோறும் தண்ணீரை மாற்றுங்கள்; இல்லையென்றால் கொசு முட்டையிடும். தட்டுகளை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்தபின் மீண்டும் வையுங்கள். எச்சம் படிந்த தட்டின் வழியாக ஒரு பறவையின் நோய் மற்றவற்றுக்குப் பரவும். கண்ணோரத்திலோ அலகின் அடியிலோ காலிலோ கொப்புளத்தோடு ஒரு பறவை வருவதைக் கண்டால், இரண்டு வாரம் தீனி வைப்பதையே நிறுத்திவிடுங்கள். பறவைகள் பிரிந்து மேயட்டும்.

பூனை பதுங்கும் புதரை ஒட்டித் தட்டை வைக்காதீர்கள். பறவை பறந்து ஒளிய ஒரு மரம் சில தப்படி தூரத்தில் இருந்தால் போதும். பெரிய கண்ணாடிச் சன்னலுக்கு எதிரிலும் வேண்டாம். இடம் இருந்தால் வேலியில் சூரையும் காரையும் தானாக முளைப்பதை வெட்டாமல் விடுங்கள். ஓர் அத்திக் கன்றோ நாவல் கன்றோ இந்த மழைக்கு நட்டுவிடுங்கள். அத்தி காய்க்கத் தொடங்கிய பின் என்ன வருகிறது என்பதை எழுதுங்கள்.